ஆஸ்திரேலியாவில் இத்தனை பாம்பும் முதலையும் இருக்கும்போது எப்படித்தான் வாழ்கிறீர்கள்?

குடும்பத்தோடு இங்கே வரப்போகிறீர்கள், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து மிரண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போன் செய்தால் என் பெரியப்பா முதலில் கேட்பதும் இதைத்தான்.

நான் இருப்பது டவுன்ஸ்வில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கில் உள்ள கடற்கரை நகரம். நவம்பர் முதல் மே வரை கடலில் பாக்ஸ் ஜெல்லிமீன் வரும், கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த மாதங்களில் வலை கட்டிய இடத்தில்தான் குளிப்போம், கொட்டிய இடத்தில் ஊற்றக் கரையில் வினிகர் வைத்திருப்பார்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீர் ஓரம் போகவே மாட்டோம்.

பாம்புக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கொல்லையில் பழைய தகரத்தைத் தூக்கியபோது பிரவுன் ஸ்னேக் என்ற கொடிய விஷப்பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. பார்த்தால் முள் கீறின மாதிரிதான் இருந்தது. தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகக் கிளம்பினார். நான் விடவில்லை. அவர் மனைவி ஆம்புலன்ஸுக்குப் பேச, நான் அவரை அங்கேயே படுக்கவைத்தேன். கடிவாயைக் கழுவவில்லை. எந்த வகைப் பாம்பு என்று கண்டுபிடிக்க, ஒட்டியிருக்கும் விஷம் ஆஸ்பத்திரியில் உதவலாம். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிவாய் மேல் இறுக்கிச் சுற்றினேன். இன்னொன்றைக் கால்விரலுக்கு மேலிருந்து தொடைவரை சுற்றி, கால் அசையாமல் கட்டை வைத்துக் கட்டினேன். கடிவாய் எங்கே என்று பேண்டேஜ் மேல் பேனாவால் குறித்தேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை அவிழ்க்க வேண்டாம், அப்படியே கொண்டுபோகலாம்" என்றார். எனக்கு இன்றும் அது பெருமைதான். இரவு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விஷம் ஏறவில்லை, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

உடனே, "பாம்புக் கடிக்கு இறுக்கிக் கட்டக்கூடாதே" என்று சண்டைக்கு வராதீர்கள். நம்மூருக்கு அது சரி. கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடமே வீங்கிப் புண்ணாகும், இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசமாகும். இங்குள்ள பாம்புகளின் விஷம் பெரும்பாலும் அப்படிச் செய்யாது. நிணநீர் வழியாக உடம்பில் பரவுவதைத் தாமதப்படுத்தத்தான் இந்தக் கட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். இங்கே பாம்பு கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பெரியப்பா என்னை நினைத்துக் கவலைப்படுகிறார். செருப்பில்லாமல் வயலுக்குப் போகும் அவரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எனக்கு இங்கே உண்மையான தலைவலி வாடகை ஏஜெண்டுதான். பின்பக்க வலைக் கதவு கீழே கிழிந்து பல மாதமாகிறது. எத்தனை மெயில் போட்டாலும் ஆள் அனுப்புவதில்லை. ஆனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் தவறாமல் வந்து, அடுப்பில் எண்ணெய்க் கறை இருப்பதாகப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ராத்திரி அந்த ஓட்டையில் துணியைத் திணித்துவிட்டுப் படுக்கிறேன். நீங்கள் வீடு பார்க்கும்போது வலைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பாருங்கள். கிழிசல் இருந்தால் சரிசெய்து தரச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.