கட்டடக்கலை முதுமாணிப் படிப்புக்கு மக்புக்கா, விண்டோஸ் லப்டொப்பா?

யாழ்ப்பாணத்திலிருந்து மொறட்டுவைக்குப் படிக்கப் போகிற உங்கள் தங்கச்சிக்கு எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ்தான். மக்புக் அருமையான மெசின், மறுக்கவில்லை. ஓட்டோகாட், ஸ்கெச்சப், ரைனோ போன்ற வரைதல் மென்பொருள்கள் எல்லாம் அதிலும் ஓடும். ஆனால் கட்டடத்தை முப்பரிமாண மொடலாகச் செய்யும் ரெவிட்டும், அதை நிஜம்போலப் படமாக்கும் லூமியனும் விண்டோஸுக்கென்றே செய்தவை.

கடையில் முதலில் 'ஐ9 புரொசசர் இருக்கு' என்றுதான் காட்டுவார்கள். மயங்காதேங்கோ. ரெவிட்டில் மொடல் செய்யும்போது பெரும்பாலான வேலை புரொசசரின் ஒரு கோரிலேயே (கணிக்கும் ஒரு பகுதியிலேயே) நடக்கும். ஐ7 அல்லது ரைசன் 7 தாராளம். மிச்சக் காசை ரம்முக்கும் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்) கிராபிக்ஸ் கார்டுக்கும் போடுங்கோ. ரம் 32 ஜிபி நல்லது. இப்போதைக்கு 16தான் கட்டுப்படியாகும் என்றால், பிறகு கூட்ட ஸ்லொட் இருக்கா, போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கா என்று கேட்டு வாங்குங்கோ. கிராபிக்ஸ் கார்ட் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ், அதற்கென்று தனியாக 8 ஜிபி நினைவகம். லூமியன் காட்சியை அந்த நினைவகத்திலேதான் ஏற்றும். வளவுக்குள் நாலு மாமரமும் புல்லும் வைத்தவுடனே 4 ஜிபி கார்ட் திணறத் தொடங்கிவிடும். கோப்புகளை வைக்கும் எஸ்எஸ்டி 1 டிபி.

மெல்லிசான லப்டொப் வேண்டாம். எங்கட சித்திரை வெயிலில் மத்தியானம் ரெண்டர் போட்டால் (மொடலைப் படமாக்கினால்) சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் பாரமானாலும் காற்றோட்டமுள்ள கேமிங் லப்டொப்பே தோது.

ஓட்டோகாட், ரெவிட் மென்பொருள்களுக்குக் காசு ஒதுக்கத் தேவையில்லை. இரண்டையும் அவற்றைச் செய்யும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவருக்கு இலவசமாகத் தருகிறது, வருடாவருடம் புதுப்பிக்க வேணும். கடைக்காரர் களவுக் கொப்பி ஏற்றித் தாறன் என்றால் வேண்டாமென்று சொல்லுங்கோ.