ரோமும் அனாமத்துக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 52. ராத்திரி கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் போனில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி, பழைய ரோம் ஆகிய ஊர்களின் மெய்நிகர் உலாக்களைப் பார்ப்பது இரண்டு வருடப் பழக்கம். போன மாதம் தங்கை மகன் ஒரு விஆர் கண்ணாடி கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு பழைய ரோம் நகரத்தின் மேலே பறந்தபோது கண்ணீர் வந்துவிட்டது. என் மகனோ, "இது வீடியோ கேம் மாதிரிதான்ப்பா" என்கிறான். பாஸ்போர்ட்கூட இல்லாத, லத்தீன் தெரியாத வெறும் ஆர்வலன் நான். நேரில் போகாமல் பார்ப்பது பார்த்ததாகுமா? நம் மிளகு அங்கே போனதைப் பற்றியும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் ஊருக்காக ஒருவர் அழுகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த "வெறும் ஆர்வலன்" எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. இனி எனக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல் வரக்கூடாது. லத்தீன் தெரியாதது இப்போதைக்கு ஒரு தடையே இல்லை. மிளகு போனது உண்மை. ரோமில் டொமிஷியன் மன்னன் அதற்கென்றே கிடங்கு கட்டினான். அதற்காக அந்த ஊரில் போய் நம்மையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அதை அதுவாகவே பாருங்கள்.

நேரில் போவதா? போனால் நல்லது, போகாவிட்டால் குறைந்துவிட மாட்டீர்கள். நான் ஒருமுறை பொம்பெயி போனேன். ஆகஸ்ட் வெயில், பின்னாலிருந்து தள்ளும் கூட்டம். தெருக் கற்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளத்தையும், மழைநீரில் கால் படாமல் தெருவைக் கடக்கப் போட்ட மேடைக் கற்களையும் நான் நிதானமாகப் பார்த்தது வீட்டுக்கு வந்தபின் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில்தான். சக்கரம் போக அந்தக் கற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்றபோது நான் கவனிக்கவே இல்லை.

அது இருக்கிற கல்லை இருக்கிறபடி காட்டும் உலா. உங்களுக்குக் கண்ணீர் வந்தது வேறு வகையில். இடிந்துபோன ஊரை முழுசாகக் கட்டி எழுப்பிக் காட்டுவது. அதில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் ரோம் நகரத் தெருக்களைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். இத்தாலோ ஜிஸ்மோந்தி என்ற கட்டடக் கலைஞர் 1930-களில் தொடங்கிச் செய்த ஒரு பெரிய மாதிரி நகரம் ரோமில் இருக்கிறது. 250-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டரில் செய்தது. அதன் புகைப்படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு தெருவை ஜன்னல் ஜன்னலாக வர்ணித்தேன். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. "தாங்கள் எழுதிய தெருவில் எத்தனை வீடுகளின் அஸ்திவாரம் கிடைத்திருக்கிறது?" அவ்வளவுதான் கேட்டிருந்தார். நாலு நாள் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

நீங்கள் பறந்த நகரத்தின் கதையும் அதுதான். கி.பி. 320-ஆம் ஆண்டு ரோமைக் கணினியில் கட்டிய 'ரோம் ரீபார்ன்' திட்டம் 2007-இல் வெளிவந்தபோது அதில் சுமார் 7,000 கட்டடங்கள் இருந்தன. வடிவமும் இடமும் ஓரளவு நிச்சயமாகத் தெரிந்தவை அவற்றில் 250 அளவில்தான். மற்றதெல்லாம் "இப்படி இருந்திருக்கலாம்". செய்தவர்கள் இதை மறைக்கவில்லை, தாங்களே சொன்னார்கள். ஆனால் கண்ணாடியை மாட்டியவுடன் அந்த 250-ம் மற்றவையும் ஒரே வெயிலில், ஒரே மாதிரி பளபளவென்று நிற்கின்றன. எது கிடைத்தது, எது இட்டு நிரப்பியது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கணக்கு எழுதுபவர், உங்களுக்கு இது சட்டென்று புரியும். விவரம் தெரியாத தொகை ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்? அனாமத்தில் எழுதுவீர்கள். ஊகித்து ஏதோ ஒரு பார்ட்டி பேரில் வரவு வைத்துவிட்டால் முதலாளி சும்மா விடுவாரா? இந்த உலாக்களில் அனாமத்துப் பக்கமே இல்லை. எல்லாமே வரவு.

சான்றுக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கி.பி. 203-ஐ ஒட்டிய வருடங்களில் ரோம் நகர வரைபடம் முழுவதையும் பளிங்கில் செதுக்கி, 18 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரத்தில் சுவரில் பதித்தார்கள். மாடிப்படிகூட அதில் சின்னச் சின்னக் கோடுகளாக இருக்கும். இன்று மீந்தது பத்தில் ஒரு பங்குதான், அதுவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக. 2024-இல் ரோமில் திறந்த ஒரு அருங்காட்சியகத்தில் 18-ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் இந்தத் துண்டுகளில் இடம் தெரிந்தவற்றைத் தத்தம் இடத்தில் வைத்து, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். இடையில் வெற்றிடம்தான் அதிகம். அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டிருப்பதற்காக அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

இருந்தது எது, இட்டு நிரப்பியது எது என்று பிரித்துக் காட்டுவதை இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். கி.பி. 81-ஐ ஒட்டி ரோமில் டொமிஷியன் எழுப்பிய டைட்டஸ் வளைவு, இடைக்காலத்தில் ஒரு கோட்டைச் சுவருக்குள் மாட்டிக்கொண்டு சிதைந்துபோயிருந்தது. 1820-களின் தொடக்கத்தில் ஜுசெப்பே வலாதியேர் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பிரித்து மறுபடி நிறுத்தினார். காணாமல்போன பகுதிகளுக்குப் பளிங்கு போடவில்லை, டிராவர்டைன் என்ற வேறு கல்லைப் போட்டார். பழைய தூண்களில் நெடுக ஓடும் வரிப்பள்ளங்களைப் புதிய தூண்களில் செதுக்காமல் வழுவழுப்பாகவே விட்டார். தூர நின்றால் முழு வளைவு. கிட்டே போனால் எது டொமிஷியன் காலம், எது வலாதியேர் போட்டது என்று கல்லே சொல்லிவிடும். கணினியில் இதைச் செய்ய என்ன செலவு? ஊகித்த சுவரைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதாதா? வரைபவர்களைக் கேட்டால், பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது என்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் கேட்க ஆரம்பித்தால் பிடிக்கும்.

உங்கள் மகனிடம் சண்டை போடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, இதில் எது நிஜமாகக் கிடைத்தது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள்.

இன்று கடை அடைத்த பிறகு விஆர் கண்ணாடி வேண்டாம், போனே போதும். ஸ்ட்ரீட் வியூவில் டைட்டஸ் வளைவைத் திறந்து, கொலோசியம் இருக்கிற பக்கமிருந்து பாருங்கள். எந்தெந்தத் தூணில் வரி இருக்கிறது, எதில் இல்லை, கல்லின் நிறம் எந்த உயரத்தில் மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். சந்தேகமாகத் தெரிகிற இடத்தை மட்டும் அனாமத்து என்றே எழுதிவிடுங்கள்.