வெயில் விழும் நாலடி

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். கல்யாணமாகி கோத்தகிரி பக்கம் அரவேனு வந்து எட்டு வருடமாகிறது. கல்லூரியில் படிக்கும்போதே குரோஷே போடுவேன், துணிப் பொம்மை தைப்பேன், ஸ்வெட்டரும் பின்னுவேன். இங்கே வரும்போது பெரிய ஆசை: குளிர் ஊர், சாயங்காலமே எல்லோரும் வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள், உட்கார்ந்து நிறையச் செய்யலாம் என்று. யூடியூபில் காட்டுகிற மாதிரி, கணப்புப் பக்கத்தில் நாற்காலி, மடியில் நூல் உருண்டை.

நடப்பது வேறு. வீடு இரண்டு அறைதான். எதைச் செய்தாலும் சாப்பாட்டு மேசையில் செய்ய வேண்டும். பரப்பி அரை மணி ஆவதற்குள் எடுத்து வைக்க வேண்டும். சாயங்காலம் பையனின் வீட்டுப்பாடம், அப்புறம் சமையல். எல்லாம் முடிந்து ராத்திரி ஊசியைத் தொட்டால் விரல் விறைத்துப்போகிறது. கரண்டும் போய்விடும். போன டிசம்பரில் பையனுக்கென்று ஆரம்பித்த ஸ்வெட்டர் முதுகுப் பாகத்தோடு நிற்கிறது. மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் பகலில் ஊசியை எடுத்தால் எனக்கே குற்றமாக இருக்கிறது. தனியாக ஒரு அறை இல்லாமல் இதெல்லாம் முடியுமா? செய்ததை விற்க ஆரம்பித்தால் ஒரு மரியாதை வருமா?

எஸ்., அரவேனு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை வாசல் படியில் வெயில் காய்ந்துகொண்டுதான் படித்தேன். முதலில் அந்த யூடியூப் நாற்காலியை அப்புறப்படுத்திவிடுவோம்.

அது லண்டன்காரர்களின் குளிர்காலம். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அவ்வளவு நீண்ட இருட்டை எதைக்கொண்டாவது நிரப்பியாக வேண்டும். கணப்பும் கம்பளி நூலும் அப்படி வந்தவை. நம் மலையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். ஆறு மணிக்கு இருட்டினால் ஆறேகாலுக்கு அரிசி களைந்தாக வேண்டும். குளிர்காலம் நமக்குக் கூடுதலாக ஒரு மாலையையும் தருவதில்லை. இல்லாத ஒன்றை எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

குளிர்காலம் நமக்குத் தருவது வேறொன்று. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை முழுக்க மழையும் மூடுபனியும்தான், உங்களுக்கே தெரியும். துணி காயாது, செருப்பில் பூஞ்சை பூக்கும், பீரோவைத் திறந்தால் ஈர வாடை அடிக்கும். மார்கழி பாதியில் வானம் துடைத்துவிட்டது போல ஆகும். மேகம் இல்லாத ராத்திரியில்தான் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போகிறது, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்குகிறது, உறைபனி விழுகிறது. அதே தெளிந்த வானம்தான் மறுநாள் காலை பத்து மணிக்கு வெயிலாக வருகிறது. வருடத்தில் மிக நல்ல வெளிச்சம் இந்த ஊருக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். கறுப்பு நூலில்கூடப் பின்னலின் கண்ணியை எண்ண முடிகிற வெளிச்சம். ஆக, நம் ஊரில் குளிர்காலக் கைவேலை என்பது பகல் வேலை. ராத்திரியில் தேடாதீர்கள்.

தனி அறை கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டில் தெற்குப் பார்த்த ஜன்னல் எது? டிசம்பர் கடைசியில் சூரியன் நமக்குத் தெற்கே நன்றாகச் சாய்ந்து போகிறது. உச்சி நேரத்தில்கூடத் தலைக்கு மேலே வராது. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருந்தால், நண்பகல் வெயில் வீட்டுக்குள் நாலடி வரை வரும். வெளியே தகரச் சாய்ப்பு நீட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் குறையும். ஜூனில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடுவதால் அதே ஜன்னலில் ஒரு துளி வெயிலும் நுழையாது. பிப்ரவரி முடியும்போது இந்த நாலடி இரண்டடியாகச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு பாய், முதுகுக்கு ஒரு தலையணை. தெற்கு ஜன்னல் இல்லையென்றால் வாசல் படி.

நான் பிறந்தது குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். ஒரே அறை, முன்னால் ஒரு நடை, ஐந்து பேர். என் அம்மா அந்த வீட்டில் இருந்துகொண்டு எங்கள் எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னினார். கற்றுக்கொடுத்தது பிள்ளைக் காப்பகத்தில் இருந்த ஆயா. ஊசி வாங்கக் காசு இல்லை. சைக்கிள் போக்ஸ் கம்பியைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்து முனை செய்துகொண்டார். போக்ஸ் கம்பி இரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் பின்னினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வெட்டர் பலகை மாதிரி இருக்கும், கழற்றி வைத்தால் தானாக நிற்கும்! நாங்கள் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் பள்ளிக்கூடம் போனோம்.

பனி விழுந்தால் கொழுந்து கருகும், இலை குறையும். அந்த வாரங்களில் அம்மா மத்தியானமே வீடு திரும்பிவிடுவார். அந்த நேரம்தான் பின்னல் நேரம். லைன் முழுக்கப் பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தி அவரைக்காய் உரிப்பாள், அம்மா பின்னுவார். வெயில் காய்வதற்கு மலையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை, எஸ். வேறு எந்த மாதத்திலும் பகலில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். தை மாதத்தில் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த நாலு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மாமியாரும் பதினோரு மணி வாக்கில் வெளியே வந்து உட்காருவார் என்று நினைக்கிறேன். அவர் உட்காரும்போது நீங்களும் உட்காருங்கள். கையில் ஊசி இருக்கட்டும். அனுமதி கேட்காதீர்கள், அறிவிப்பும் வேண்டாம்.

அம்மாவின் பட்டறை ஒரு மூங்கில் கூடை. எலிக்குப் பயந்து உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். இறக்கினால் வேலை ஆரம்பம், மாட்டினால் முடிந்தது. மேசை உங்களுக்கு எதிரியாக இருப்பது, மேசை கேட்கிற வேலையை எடுத்துக்கொண்டதால். மடியில் அடங்குகிற வேலை, எந்த இடத்திலும் நிறுத்தி எந்த இடத்திலும் தொடரக்கூடிய வேலை, அதை வார நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கினால் கண்ணி நழுவாமல் கீழே வைத்துவிட்டு ஓட முடிய வேண்டும்.

இதில் நம் மலையின் கைகாரிகள் தோடர் பெண்கள். புத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்குத் துணியை மாட்டுகிற மரச்சட்டம் கிடையாது, துணியில் வரைந்துகொள்வதும் கிடையாது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. பார்த்தால் தறியில் நெய்தது போலவே தெரியும். வேலைக்கு வேண்டியது துணி, ஊசி, நூல், வெளிச்சம். மந்தில், அதாவது தங்கள் குடியிருப்பில், வீட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே கொஞ்சம் போடுகிறார்கள், மடித்து வைக்கிறார்கள், மறுநாள் தொடர்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை, தனி அறை கேட்டதில்லை. (அந்த வடிவங்களைப் பார்த்து ரசிக்கலாம். எடுத்து நம் பொம்மைச் சட்டையில் போட்டு விற்பது வேண்டாம். அது அவர்களுடையது.)

துணிப் பொம்மைக்கு ஒரு வழி உண்டு: முறம். வெட்டிய துணி, பஞ்சு, பொத்தான், கத்தரி எல்லாவற்றையும் ஒரு பெரிய முறத்தில் பரப்பிக்கொண்டு உட்காருங்கள். எழுந்திருக்க வேண்டி வந்தால் எதையும் அடுக்க வேண்டாம், முறத்தை அப்படியே பரண்மேல் தூக்கி வைத்துவிடலாம். பாதி வேலை பாதியாகவே காத்திருக்கும். எடுத்து அடுக்குவதும் மறுபடி பரப்புவதும்தான் உங்கள் நேரத்தைத் தின்கிறது, தைப்பதல்ல. பசை, துணிச் சாயம் வேலைகளை நல்ல வெயில் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். பெவிகால் குளிரில் சரியாகப் பிடிக்காது, காய்ந்தபின் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். பசை மட்டம் என்று ரொம்ப நாள் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன், பாவம்.

விரல் விறைப்பதற்கு: இரும்பு, அலுமினிய ஊசி இரண்டுமே கைச்சூட்டை இழுக்கும். மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். பத்தாம் நம்பர் ஊசி என்றால் மூன்றேகால் மில்லிமீட்டர். மூங்கிலில் அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரிதான் பின்னுவேன் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமோ வாசனையோ இருக்காது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலைக்கு வந்தவர்களுக்கு நாம் சொல்வதுதான், நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில்லை.

நூலைப் பற்றி ஒரு புலம்பல். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆட்டையும் வெளிநாட்டுக் கம்பளி ஆட்டையும் கலந்து சாண்டினோ என்று ஒரு இனத்தையே அங்கே உருவாக்கினார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் 1965லிருந்து மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை. இவ்வளவு கம்பளி ஆடு மேய்கிற மலைகளில் கடைக்குப் போய் நூல் கேட்டால், லூதியானாவிலிருந்து வந்த அக்ரிலிக்கை எடுத்துப் போடுகிறார்கள். அசல் கம்பளிதானா என்று தெரிய ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகுகிற வாடையோடு பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கட்டியாகும். அதனால்தான் அக்ரிலிக் ஸ்வெட்டரோடு குழந்தையை அடுப்பங்கரையில் விடக்கூடாது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நம் மூடுபனிக்கென்றே செய்த மாதிரி. விலைதான் இடிக்கும்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். நானும் ஒரு குளிர்காலத்தில் பன்னிரண்டு குல்லா பின்னி ஒரு கடையில் வைத்தேன். ஒன்பது விற்றது, இரண்டுக்குத்தான் காசு வந்தது. கடையின் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. ஒரு குல்லாவுக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். மெஷின் குல்லா விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறவரிடம் ஆறு மணி நேரத்தை எப்படி விளக்குவது? காசு வேண்டியிருந்தால் தாராளமாக விற்கலாம், அதற்கான வழி வேறு, இன்னொரு நாள் எழுதுகிறேன். மரியாதைக்காக விற்கப்போனால் இருப்பதும் போகும் என்பது என் அனுபவம்.

சரி, அந்த ஸ்வெட்டர். எண்பது கண்ணி வரிசை ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டாலும், தினம் இருபது நிமிடத்தில் நாலு வரிசை. முன்பாகத்துக்கு ஒரு மாதம், இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு மாதம், கழுத்தும் இணைப்பும் ஒரு வாரம். மார்கழியில் எடுத்தால் மாசியில் முடியும். அதாவது குளிர் முடிகிற நேரத்துக்கு! சிரிக்காதீர்கள், என் அம்மாவின் ஸ்வெட்டர்கள் எல்லாமே சிவராத்திரி வாக்கில்தான் முடிந்தன, அடுத்த மழைக்காலத்துக்குத்தான் போட்டோம்.

ஆனால் முதுகுப் பாகம் போன வருட அளவு. ஒன்றாவது இரண்டாவது படிக்கிற பையன் ஒரு வருடத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பான். டேப்பை வைத்துப் பாருங்கள். பற்றாது என்றால் பிரித்துவிடுங்கள். வலிக்கும், தெரியும். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு வரும். அதை நாற்காலி முதுகில் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கீழே ஒரு சின்னக் கனத்தைத் தொங்கவிட்டுக் காயப்போட்டால் நேராகிவிடும். அக்ரிலிக் என்றால் கொதிநீர் ஆவி காட்டாதீர்கள், துவண்டுபோகும்.

பிரிக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் இழுக்க வேண்டும், ஒருவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். உங்கள் மாமியாரைச் சுற்றச் சொல்லுங்கள். புதிதாகக் கண்ணி ஏற்றும்போது பையனின் இன்றைய அளவுக்குப் போடாதீர்கள், இரண்டு அங்குலம் கூட்டியே போடுங்கள்.

அன்புடன்,
அக்கா