நுரையீரலில் புற்றுநோய், புத்தி ஏன் தடுமாறுகிறது?

"அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நாலு நாளாகப் பேச்சு முன்னுக்குப்பின் முரணாக வருகிறது, தூங்கிக்கொண்டே இருக்கிறார். மூளைக்குப் பரவிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரவியிருக்கலாம், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதோடு சேர்த்து ரத்தத்தில் சோடியமும் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள். நான் மருத்துவர் இல்லை, பாம்பனில் வள்ளம் வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு இதே நோயில் கூட இருந்து பார்த்தவன்.

அவருக்கு சிறுசெல் (small cell) வகை, நுரையீரல் புற்றுநோயில் ஒரு ரகம். சித்திரை வெயிலில் ஒருநாள் ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தார். ஸ்கேனில் மூளை சுத்தமாக இருந்தது. சோடியம்தான் 118, இருக்க வேண்டியது 135 முதல் 145. "உப்பு குறைஞ்சிருச்சாம்" என்றதும் தெருவே இளநீரும் பதநீருமாகக் கொண்டுவந்து இறக்கியது. மருத்துவரோ தண்ணீரையே குறைக்கச் சொன்னார். நாள் முழுக்க ஒரு லிட்டர்தான், கஞ்சி, காபி எல்லாம் சேர்த்து. பெரியம்மாவுக்கு மனசே ஆகவில்லை, இந்த வெயிலில் மனுசனுக்குத் தண்ணி கொடுக்காமல் இருப்பதா என்று.

விஷயம் இதுதான். சிறுநீரில் எவ்வளவு தண்ணீர் போகலாம் என்று தீர்மானிக்கும் ஏடிஹெச் என்ற ஹார்மோன் மூளையடியிலிருந்து வர வேண்டியது. சிறுசெல் கட்டி அதைத் தானே சுரந்து தள்ளும். சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீர் மிஞ்சி, சோடியம் நீர்த்துப் போகும். அந்த நிலையில் இளநீர் குடித்தால் இன்னும் நீர்க்கும். மூளைச் செல்கள் வீங்கி குழப்பம், வாந்தி, கடைசியில் வலிப்பு வரை போகும். 1957லேயே இரண்டு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சோடியம் மடமடவென்று ஏறினாலும் மூளைக்குச் சேதம்தான். ஆஸ்பத்திரியில் அளந்து அளந்துதான் ஏற்றுவார்கள்.

ஸ்குவாமஸ் என்ற இன்னொரு வகை நுரையீரல் புற்றுநோயில் வேறு கூத்து. அந்தக் கட்டி சுரக்கும் பொருள் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கிளப்பிவிடும். தாகம், மலச்சிக்கல், ஓயாத சிறுநீர், அப்புறம் இதே மந்தம். இங்கே சிகிச்சை நேரெதிர், சலைன் ஏற்றுவார்கள். அதனால்தான் எது என்று தெரியாமல் தண்ணீரைக் குறைப்பதோ கூட்டுவதோ ஆபத்து.

கட்டி இருக்கும் இடத்தை விட்டு வேறெங்கோ, பரவாமலேயே வரும் இந்தத் தொல்லைகளுக்கு பாராநியோபிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று பெயர். எல்லாமே ஹார்மோன் வழியில்லை. கட்டியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்புப் பொருட்கள் நரம்பையும் சேர்த்துத் தாக்குவது உண்டு. உட்கார்ந்தவர் எழ முடியாமல் தொடை சோர்ந்து போகும். காலில் ரத்தம் உறைவதும் புற்றுநோயில் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு வாரத்தில் தெளிவு வந்தது. கீமோவில் கட்டி சுருங்கச் சுருங்க சோடியமும் இறங்காமல் நிலையாக நின்றது. பிறகு ஒருமுறை மறுபடி இறங்கியது, கட்டி திரும்ப வளர்ந்தபோது. உங்கள் அப்பாவைக் காலைவரை வைத்திருக்காமல் இன்றைக்கே அழைத்துப் போங்கள், வலிப்பு வந்தால் 108.