கரு வேறு, நீதி வேறு: சிறுகதை பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மாணவர்களும் ஓரிரு பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் கடலூரில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவையாகவே இருக்கும்.

டீச்சர், கதையும் கதைப்பின்னலும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகக் கேட்கிறார்கள்? (பிளஸ் ஒன் மாணவன், தேவனாம்பட்டினம்)

ஒன்றில்லை தம்பி. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா வீட்டில் இருக்கிறார். படகின் எஞ்சின் பழுதாகிறது. அக்கா கல்லூரியில் சேரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது இப்படிப் பார். அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம் பீரோவில் இருக்கிறது. தடை முடிவதற்குள் எஞ்சினைச் சரி செய்யாவிட்டால் மற்ற படகெல்லாம் கிளம்பும், இவர்களுடையது மட்டும் கரையில் கிடக்கும். அப்பா அந்தப் பணத்தை எடுக்கிறார். அக்காவிடம் சொல்லவில்லை. ஒன்றால் இன்னொன்று நடக்கிறது பார், அந்தத் தொடர்புதான் பின்னல். ஆங்கில எழுத்தாளர் ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை அழகாகப் பிரித்திருப்பார்: கதை நம்மை "அப்புறம்?" என்று கேட்க வைக்கும், பின்னல் "ஏன்?" என்று கேட்க வைக்கும்.

இதே உதாரணத்தில் சூழலையும் பார்த்துவிடு. கல்லூரிச் சேர்க்கை நடப்பது மே, ஜூன் மாதங்களில். வீட்டில் வருமானம் நிற்பதும் அதே மாதங்களில். இந்தக் கதையை அக்டோபருக்குத் தள்ளினால் அப்பாவுக்கு நெருக்கடியே இல்லை, கதையும் இல்லை. கதைமாந்தரை எந்த இடமும் காலமும் நெருக்குகிறதோ அதைச் சூழல் என்று எழுது. வானம் நீலமாக இருந்தது, அலை அடித்தது என்பதெல்லாம் வர்ணனை.

முரண் என்றால் யாராவது சண்டை போட வேண்டுமா? வில்லன் வேண்டுமா? (ஒன்பதாம் வகுப்பு, நெல்லிக்குப்பம்)

வேண்டாம். மேலே சொன்ன அப்பா கெட்டவரா? அக்காவின் படிப்பும் வேண்டும், படகும் ஓட வேண்டும். இரண்டும் நியாயம், பணம் ஒன்று. முரண் அங்கேயே வந்துவிட்டது. வில்லன் வந்தால் பல நேரம் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம், கதைக்கு நஷ்டம்.

புதுச்சேரியில் நடக்கும் கதை என்றால் பீச் ரோடு, பிரெஞ்சுக் கட்டிடம், கலங்கரை விளக்கம் எல்லாம் வர வேண்டுமா மிஸ்? (எட்டாம் வகுப்பு, லாஸ்பேட்டை)

சுற்றுலாக் கையேட்டுக்கு வேண்டும். கதைக்கு, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சட்டைக்குப் பேரம் பேசும் இரண்டு பேர் போதும்.

கருப்பொருள் கேட்டால் நான் நீதியை எழுதுகிறேன். எப்போதும் பாதி மார்க்தான் வருகிறது. (பத்தாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம்)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது கண்ணு. சின்ன வகுப்பிலிருந்து "இக்கதையால் அறியும் நீதி" என்று எழுதிப் பழகிய கை, சட்டென்று மாறாது.

உன் ஊர்க்காரர் கதையையே பார்ப்போம். ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர். அவருடைய "யுகசந்தி"யில் கௌரிப் பாட்டி சிறு வயதிலேயே கணவனை இழந்து, தலை மழித்து, ஆசாரம் குறையாமல் வாழ்ந்தவள். பேத்தி கீதாவும் விதவை, நெய்வேலியில் ஆசிரியை. அவள் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதுகிறாள். கடலூரில் இருக்கும் குடும்பம் கொதிக்கிறது. பாட்டி பேத்தியின் பக்கம் போய் நிற்கிறாள்.

"விதவை மறுமணத்தை ஆதரிக்க வேண்டும்" என்று நீ எழுதுவாய். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்ல ஒரு மேடைப் பேச்சு போதுமே, பாட்டி எதற்கு? கதை கீதாவை நெய்வேலியில் விட்டுவிட்டுப் பாட்டியின் பின்னாலேயே ஏன் போகிறது என்று யோசி. பாட்டி ஒரு கட்டுப்பாட்டுக்குள்ளேயே ஆயுள் முழுக்க வாழ்ந்தவள். அதே கட்டுப்பாட்டைப் பேத்தியின் தலையிலும் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தால் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. கரு அங்கே இருக்கிறது.

தேர்வில் எழுத ஒரு வழி சொல்கிறேன். முக்கியக் கதைமாந்தர் எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று ஒரு வாக்கியம். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று இன்னொரு வாக்கியம். "வேண்டும்", "கூடாது" என்று முடியும் வாக்கியம் வந்தால் நீதிக்குள் நழுவிவிட்டாய் என்று அர்த்தம், அடித்துவிட்டு மறுபடி எழுது.

கதையில் எத்தனை பேர் வரலாம்? (ஏழாம் வகுப்பு, பண்ருட்டி)

கணக்கு கிடையாது. ஒருவரை எடுத்துப் பார், கதை மாறவில்லையென்றால் அவர் வேண்டாம்.

நோக்குநிலையில் தன்மை, படர்க்கை என்று எழுதினால் போதாதா அம்மா? (கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை)

நோக்குநிலை என்றால் கதை யார் கண் வழியாக நமக்கு வருகிறது என்பது. தன்மை, படர்க்கை என்று மட்டும் எழுதினால் பெயர் வைப்பதோடு நின்றுவிடுகிறது. சொல்பவருக்கு எவ்வளவு தெரியும், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்த்தால்தான் சுவாரசியம்.

வ.வே.சு.ஐயர் உங்கள் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில், 1915இல் வெளியான கதை "குளத்தங்கரை அரசமரம்". (தமிழின் முதல் சிறுகதை எது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை.) கதையைச் சொல்வது அரசமரமே. தன்மையில்தான் பேசுகிறது, ஆனால் அதனால் ஓர் அடிகூட நகர முடியாது. குளத்தங்கரையில் பார்த்ததும் காதில் விழுந்ததும்தான் அதற்குத் தெரியும். கதையின் நாயகி ருக்மிணி அழுதால் கையைப் பிடித்துத் தடுக்கவும் முடியாது. கண்ணால் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாத ஒருவர் சொல்வதால்தான் அந்தக் கதை அப்படி வலிக்கிறது. ருக்மிணியே சொல்வதாக வைத்துப் பார். கடைசியில் அவள் அந்தக் குளத்திலேயே உயிரை விடுகிறாள். முடிவைச் சொல்ல யார் இருப்பார்கள்?

படகுக் கதையை நீயே மூன்று விதமாக எழுதிப் பாரேன். அப்பா சொன்னால் குற்ற உணர்ச்சிக் கதை. அக்கா சொன்னால் பணம் போன விஷயம் கடைசிவரை வெளியே வராமல் இருக்கலாம். ஆறு வயதுத் தம்பி சொன்னால், அப்பா பீரோவைத் திறந்ததைப் பார்த்திருப்பான், அதன் அர்த்தம் அவனுக்குப் புரிந்திருக்காது, நமக்குப் புரியும். எனக்குத் தம்பிதான் பிடிக்கும்.

என் மகன் எந்தக் கதைமாந்தரைப் பற்றிக் கேட்டாலும் "நல்லவர், அன்பானவர், இரக்கமுள்ளவர்" என்றே எழுதுகிறான். எப்படித் திருத்துவது? (ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்)

அவன் எழுதும் ஒவ்வொரு குணத்துக்கும் "எங்கே காட்டினார்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு செயல், அல்லது அவர் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு, கதையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத குணத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் அதே ஆள்தானா என்று கேளுங்கள். சிலர் மாறுவார்கள், சிலர் மாறவே மாட்டார்கள். மாறாதவர்களும் கதைக்கு வேண்டியவர்களே. யுகசந்தியில் குடும்பத்தார் பிடிவாதமாக நின்றதால்தானே பாட்டி எவ்வளவு தூரம் நகர்ந்தாள் என்று தெரிகிறது?

கடைசியில் திருப்பம் இருந்தால்தானே நல்ல கதை? (பிளஸ் டூ மாணவன், வில்லியனூர்)

குறும்படம் நிறையப் பார்க்கிறாய் போல. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் "ஒரு நாள் கழிந்தது" படித்துப் பார். காசுக்குத் திண்டாடும் ஓர் எழுத்தாளரின் வீட்டில் ஒரு நாள் போகிறது, அவ்வளவே. பெரிய திருப்பம் கிடையாது, ஆனால் படித்து முடித்ததும் மறுநாளை நினைத்து நமக்குக் கவலை வரும். திருப்பம் வைப்பதானால், இரண்டாம் முறை படிக்கும்போது அதற்கான தடயம் முன்பே கண்ணில் பட வேண்டும். எங்கிருந்தோ லாட்டரிச் சீட்டைக் கொண்டு வந்து விழ வைத்தால் அது ஏமாற்று.

உரையாடலை நம் ஊர்ப் பேச்சில் எழுதினால் மார்க் குறைப்பார்களா டீச்சர்? (பத்தாம் வகுப்பு மாணவன், கடலூர் முதுநகர்)

கதை சொல்லும் பகுதியை எழுத்துத் தமிழில் வைத்துக்கொள். பேச்சு மட்டும் மேற்கோள் குறிக்குள் "இன்னா, இன்னும் கெளம்பலியா?" என்று இருக்கலாம். முதல் பக்கத்தில் "கெளம்பலியா" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் அதே ஆளை "கிளம்பவில்லையா" என்று பேச வைக்காதே, திருத்துபவர் அதைத்தான் பிழையாக எடுப்பார். ஒரே வீட்டிலும் ஆயா பேசுவதும் கல்லூரிக்குப் போகும் பேத்தி பேசுவதும் ஒன்றாக இருக்காது. பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிகிறதா பார். தெரிந்தால் அப்படியே விட்டுவிடு.