சோலார் மானியம் நம் கரண்ட் பில்லில்தான் ஏறுகிறதா? நகையை அடகு வைத்து 3 கிலோவாட் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தக்கலை பக்கம் இருக்கிறேன். கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் அளவில் ஓடுகிறது, பில் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்று ஒரு டீலர் வந்து சொன்னார். மொத்தம் 2,10,000 ரூபாயாம். மகளுக்குச் சேர்த்த நகையை வைத்துப் பணம் புரட்டலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் என் மைத்துனர், "இந்த மானியமெல்லாம் கடைசியில் நம்ம பில்லில்தான் ஏறும். ஆரல்வாய்மொழியில இவ்வளவு காற்றாலை சுத்தியும் பில் குறைஞ்சுதா?" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நகையை பீரோவிலேயே இருக்க விடுங்கள். அதைத் தொடாமலே இதைச் செய்ய வழி இருக்கிறது.

மைத்துனர் கேட்பது நல்ல கேள்வி. பாதி சரி, பாதி சரியில்லை. உங்களுக்கு வரப்போகும் மானியம் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வருவது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை 75,021 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. பணம் மத்திய பட்ஜெட்டிலிருந்து வருகிறது, கரண்ட் பில்லிலிருந்து அல்ல. எல்லா வீட்டுக்கும் கிடைக்கிற 100 இலவச யூனிட்டுக்கு மாநில அரசு மின் பகிர்மானக் கழகத்துக்கு (நாம் மின் வாரியம் என்று சொல்வது) பணம் கட்டுகிறது. இரண்டுமே நம் வரிப்பணம்தான், ஆனால் யூனிட் விலையில் ஏறுவதில்லை.

பில்லில் ஏறுவது வேறு இடத்தில். மின் வாரியம் நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்குகிற மின்சாரத்தின் விலை நேராகக் கட்டணத்துக்குள் வந்துவிடும். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று விலை பேசினார்கள், அதுவும் 25 வருடத்துக்கு. 2017-இல் தமிழ்நாடு ஏலம் விட்டபோது அதே சோலார் மின்சாரம் 3.47 ரூபாய்க்கு வந்துவிட்டது. முந்திக்கொண்டு போட்ட ஒப்பந்தத்தின் சுமையை நாம் இன்னும் தூக்குகிறோம் என்பது உண்மை. ஆனால் புதிதாக வரும் காற்றும் வெயிலும் விலையைக் கூட்டவில்லை. நிலக்கரிச் செலவும், வாரியத்தின் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிய கடனுக்கான வட்டியும்தான் பெரிய பாரம்.

மைத்துனர் சொன்ன ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மாவட்டத்தில் பலருக்கும் உள்ள ஆதங்கம். அங்கே சுற்றுகிற காற்றாலைகளில் நிறைய, நூற்பாலைகளும் தனியார் நிறுவனங்களும் தங்கள் சொந்த உபயோகத்துக்கு அமைத்தவை. வரிச் சலுகையும் அவர்களுக்கே கிடைத்தது. போட்ட முதலீட்டில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானம் என்று வருமானத்தில் கழித்து வரி கட்ட ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. கணவாய்க் காற்றில் பிறக்கிற மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியாக அவர்களுடைய ஆலைக்குப் போகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக அடிக்கும்போது மிஞ்சுகிற யூனிட்டை வாரியத்திடம் கணக்கில் வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வசதி செய்து கொடுத்தார்கள். அப்படித் திரும்பக் கொடுக்க வாரியம் விலை கூடிய மின்சாரத்தை வாங்க வேண்டி வரும். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி மற்ற நுகர்வோர் தலையில் விழுகிறது. மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

சரி, இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 2024 ஜூலையில் வந்த விகிதத்தை வைத்துப் போடுகிறேன். 2025 உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது பெரிய எல்லை. சரியாக 500 ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் கீழ்ப் படியில் கிடைத்த சலுகையும் போய், அந்த ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். நீங்கள் 620-இல் நிற்கிறீர்கள். உங்களுடைய கடைசி யூனிட்டுகள்தான் மிக விலை கூடியவை, சோலார் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான்.

ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று டீலர்கள் சொல்வார்கள். நமக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. தென்னை நிழல் வேறு. ஆகவே இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முதல் கிலோவாட் உங்களை 620-இலிருந்து 420-க்கு இறக்கும், பில் சுமார் 1,300 ஆகும். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். இரண்டாவது கிலோவாட் 220-க்கு இறக்கும், பில் 330 ரூபாய் அளவில் வரும். அதில் வருடத்துக்கு இன்னொரு 5,800 மிச்சம். மூன்றாவது கிலோவாட் அந்த 330-ஐ ஒழிக்கும், அவ்வளவுதான். வருடத்துக்கு 2,000 ரூபாய்.

இப்போது செலவைப் பாருங்கள். உங்கள் டீலர் விலைப்படி கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000 மட்டும். அதாவது முதல் கிலோவாட் உங்கள் கையிலிருந்து 40,000 கேட்கிறது, நாலு வருடத்தில் திரும்பி வரும். இரண்டாவதும் 40,000 கேட்கிறது, ஏழு வருடம் ஆகும். மூன்றாவது 52,000 கேட்டு, திரும்ப வர 26 வருடம் ஆகும். பேனலின் ஆயுளே அவ்வளவுதான்! வாரியத்தின் கம்பியிலிருந்து நீங்கள் எடுத்ததைவிடக் கூடுதலாகச் சோலார் மின்சாரத்தை அதற்குள் அனுப்பினால், அதற்குக் கிடைக்கும் விலை நீங்கள் கட்டும் விலையைவிடக் குறைவு. 78,000 என்ற பெரிய எண்ணைக் காட்டித்தான் 3 கிலோவாட்டை விற்கிறார்கள். உங்களுக்கு 2 கிலோவாட் போதும். சின்ன அமைப்பு என்பதால் கிலோவாட் விலை கொஞ்சம் கூடலாம், அப்போதும் இதுதான் லாபம். வருகிற வருடம் ஏசி வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மூன்றைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் பக்கத்து வீட்டில் 200 யூனிட்தான் ஓடுகிறது, பில் 235 ரூபாய் என்றால் அவர்கள் சோலார் போடவே வேண்டாம். இதையும் சொல்லி வையுங்கள், டீலர் அடுத்து அங்கேதான் போவார்.

பணத்துக்கு, பொதுத்துறை வங்கிகளில் 3 கிலோவாட் வரை ஈடு இல்லாமல் சோலார் கடன் கிடைக்கிறது, வட்டி சுமார் 6 சதவீத அளவில். நகைக்கடனைவிட மலிவு. மானியம் மீட்டர் பொருத்தி முடித்த பிறகே உங்கள் கணக்குக்கு வரும், டீலருக்கு அல்ல. வந்ததும் அதை அப்படியே கடன் அசலில் கட்டிவிடுங்கள். மிச்சம் 80,000 நின்றால், ஏழு வருடத் தவணை மாதம் 1,200 ரூபாய் அளவில் வரும். பில்லில் மிச்சமாகும் தொகை மாதம் 1,350-க்கு மேல் இருக்கும். கடையிலிருந்து தனியாக எடுத்துக் கட்ட வேண்டிய தேவை இருக்காது.

அப்புறம், ஒக்கிப் புயலில் நாள் கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நேரத்தில் சோலார் கைகொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரி இல்லாத அமைப்பு, லைன் போனதும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் டீலர் திட்டத்தில் பதிவு செய்தவரா, பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையா என்று பாருங்கள். இல்லையென்றால் மானியம் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அந்தக் குறைவு உங்கள் விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேனலைத் தாங்கும் சட்டகம் துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாக இருக்கட்டும், நம் கடல் காற்றுக்கு வெறும் பெயின்ட் நிற்காது. இரு வழி மீட்டருக்கும் (எடுப்பதையும் அனுப்புவதையும் அளப்பது) வாரியத்தின் கம்பி உபயோகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.