குழந்தைகளோடு வீட்டிலேயே ஸ்டாப் மோஷன் வீடியோ எடுக்க என்னென்ன வாங்க வேண்டும்?

ஸ்டாப் மோஷன் என்பது ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டி அது தானே நகர்வது போலக் காட்டுவது. அதற்கு எதுவும் வாங்க வேண்டாம். டிரைபாட், ரிங் லைட், கலர் களிமண் பெட்டி என்று வாங்கிக் குவித்தால் முதல் நாள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போய்விடும். ஒரு போன், ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், அவ்வளவுதான். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்று ஒரு ஆப் இருக்கிறது, அதன் இலவசப் பதிப்பே போதும்.

பொம்மையை நிற்க வைத்து எடுக்காதீர்கள், பொருட்களைத் தரையில் பரப்பி மேலிருந்து எடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். யூடியூபில் பார்த்தால் பலரும் களிமண் பொம்மையில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை உருட்டிய களிமண் மனிதன் நம் ஊர் வெயிலுக்குக் குழைந்து நாலாவது போட்டோவிலேயே குப்புற விழுவான், அத்தோடு பிள்ளையின் ஆர்வமும் விழும். மேஜை விளிம்பில் கேமரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனை வைத்து, அசையாமல் டேப் போட்டு ஒட்டிவிட்டால் கீழே இருக்கும் தரைதான் மேடை. அங்கே விழுவதற்கு எதுவும் இல்லை. கலர் பேப்பர் துண்டு, பட்டன், சோழி, தாயக்கட்டை, அரிசி என்று வீட்டில் கிடைப்பதெல்லாம் நடிக்கும்.

எங்கள் வீட்டில் புளியங்கொட்டைதான் எறும்பு. வரிசையாக வெல்லக்கட்டியை நோக்கிப் போக வேண்டும். என் மகள் நகர்த்துவாள், அண்ணன் மகன் கிளிக் செய்வான், கிளிக் செய்வதற்கு முன் "கை!" என்று அவன் கத்த வேண்டும், அவள் கையை எடுக்க வேண்டும். அதையும் மீறிச் சில படங்களில் விரல் வந்துவிடும், அந்தப் படத்தை மட்டும் அழித்தால் போதும். எறும்புகள் வெல்லத்தை அடைந்த பிறகு ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு கிள்ளு குறைய வேண்டும். அந்தக் கிள்ளு எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை.

கணக்கு எளிது. சினிமா நொடிக்கு 24 படம். நமக்கு 12 தாராளம், சின்னப் பிள்ளைகளுக்கு 8 கூடப் போதும். அதாவது ஐந்து நொடிப் படத்துக்கு 40 போட்டோ, ஒரு பிள்ளையின் பொறுமை ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் முதல் நாளே இரண்டு நிமிடக் கதைக்கெல்லாம் ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு முறையும் அரை விரலளவு நகர்த்தினால் நடை சீராக இருக்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதைவிடக் குறைவாக நகர்த்தச் சொல்லுங்கள், பொருளுக்கு எடை வந்தது போலத் தெரியும். ஒரு இடத்தில் நிற்க வேண்டுமென்றால் எதையும் தொடாமல் நாலைந்து படம் எடுக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், "ஒண்ணுமே நடக்கலையே!" என்பார்கள். முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் வசதி ஆப்பில் உண்டு, அதைப் போட்டுவிட்டால் எவ்வளவு நகர்ந்தது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

படம் கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் ஒரு மேகம் போகும், வரும், ஓட்டிப் பார்க்கும்போது படம் மினுக் மினுக் என்று அடிக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு டியூப் லைட் போடுங்கள், ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் பக்கத்தில் குனிந்தாலே தரையில் வெளிச்சம் மாறும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கறுப்பு உடை போட்டுக்கொள்வது அதனால்தான். ஃபேனை அணைத்துவிடுங்கள் (ஆமாம், வேர்க்கும்). போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் முக்கியமான இடத்தில்தான் பாட்டியின் போன் வரும்.

இது கைவந்ததும் பிள்ளைகளையே பொம்மையாக்கலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போட்டோவுக்கும் கொஞ்சம் நகர்ந்தால் கார் இல்லாமலே கார் ஓட்டலாம். குதிக்கச் சொல்லி, உயரத்தில் இருக்கும்போது மட்டும் எடுத்துக்கொண்டே போனால் பறப்பார்கள். கனடாவில் நார்மன் மெக்லாரன் என்ற அனிமேஷன் இயக்குநர் 1952இல் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் ஒரு பூவுக்காக அடித்துக்கொள்ளும் குறும்படத்தை நிஜ மனிதர்களை வைத்து இப்படித்தான் எடுத்தார், ஆஸ்கரும் கிடைத்தது. தேடிப் பார்ப்பதானால் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், முடிவு கொடூரம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

தினமும் உட்கார நேரமில்லை என்பவர்கள் ஒரு தொட்டியில் பச்சைப்பயறு போட்டு, போன் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, தினம் ஒரே நேரத்தில் சில படங்கள் எடுக்கலாம். 1912இல் தாதாசாகேப் பால்கே பட்டாணிச் செடி வளர்வதை நாள்தோறும் இப்படிப் படம்பிடித்து, அதைக் காட்டித்தான் தன் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்டினார். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், ஆனால் தொட்டியை நகர்த்தக் கூடாது என்று வீட்டில் பெருக்குபவரிடமும் சொல்லி வையுங்கள்.